ஹோம் டைரக்டரி பெர்மிஷன்: முதலில் வாசலைப் பூட்டுங்கள்

ஒரு யுனிக்ஸ் கணக்கில் சில வருடம் வேலை செய்தாலே ஹோம் டைரக்டரியில் (உங்கள் ஃபைல்களுக்கான சொந்த இடம்) லட்சக்கணக்கில் ஃபைல் சேர்ந்துவிடும். எது யாருக்குத் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த யாராலும் முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. ஹோமுக்கு ஒரு சரியான பெர்மிஷன் (யார் என்ன செய்யலாம் என்ற அனுமதி), புதிதாக உருவாகும் ஃபைல்களுக்கு ஒரு யுமாஸ்க் (எந்த அனுமதிகளைத் தரக்கூடாது என்ற அமைப்பு), சாவியும் பாஸ்வேர்டும் இருக்கும் நாலைந்து இடங்களுக்குத் தனிக் கவனம். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் மற்றவை பெரும்பாலும் அடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சரிசெய்யப் போகும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் டைரக்டரியில் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஃபைலில் இவை படிக்க, எழுத, இயக்க. டைரக்டரியில் ஆர் இருந்தால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியல் எடுக்கலாம், அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு ஃபைலைத் தொட எக்ஸ் வேண்டும். ஆர் மட்டும் இருந்து எக்ஸ் இல்லாத டைரக்டரியில், பட்டியல் எடுக்கும் கட்டளையான எல்எஸ் மைனஸ் எல் அடித்தால் பெயர்கள் வரும்; பெர்மிஷன், அளவு, தேதி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். மாறாக எக்ஸ் மட்டும் இருந்து ஆர் இல்லாவிட்டால் பட்டியல் கிடைக்காது, ஆனால் ஃபைலின் பெயர் தெரிந்தவர் நேராகத் திறந்துவிடலாம். டபிள்யூ இருந்தால் உள்ளே பெயர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். அதுவும் கூடவே எக்ஸ் இருந்தால்தான் பலிக்கும். பெர்மிஷனை மூன்று இலக்க எண்ணாக எழுதுவது வழக்கம்: ஆர் 4, டபிள்யூ 2, எக்ஸ் 1 என்று கூட்டி, முதல் இலக்கம் ஓனருக்கு (உரிமையாளர்), அடுத்தது குரூப்புக்கு (பயனர் குழு), கடைசி மற்றவர்களுக்கு.

இதனால் வரும் ஒரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மேல் எந்த அனுமதியும் வேண்டாம். அது இருக்கும் டைரக்டரியின் மேல் டபிள்யூவும் எக்ஸும் இருந்தால் போதும். 444 போட்டுப் பத்திரப்படுத்திய ஃபைலை அழிக்கப் போனால், அழிக்கும் கட்டளையான ஆர்எம் ஒரு தடவை கேட்கும், ஒய் அடித்தால் ஃபைல் போய்விடும். உங்கள் ஹோம் குரூப்புக்கு எழுதத் திறந்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் குரூப்பில் இருக்கும் இன்னொருவர் உங்கள் 600 டாட் பாஷ்ஆர்சியை (ஷெல், அதாவது கட்டளை அடிக்கும் நிரல், திறக்கும்போது ஓடும் ஃபைல்) படிக்க முடியாது. ஆனால் அதை அழித்துவிட்டு அதே பெயரில் தன்னுடைய ஃபைலை வைக்க முடியும். அடுத்த முறை நீங்கள் ஷெல்லைத் திறக்கும்போது அவர் எழுதியது உங்கள் பெயரில் ஓடும். உள்ளே இருக்கும் ஃபைல்களைவிட டைரக்டரியின் பெர்மிஷனுக்கு முதலிடம் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் சோதிக்கும் வரிசையும் முக்கியம். நீங்கள் ஓனர் என்றால் ஓனருக்கான மூன்று பிட் (ஆர், டபிள்யூ, எக்ஸ்) மட்டும் பார்க்கப்படும். ஓனர் இல்லை, குரூப்பில் இருக்கிறீர்கள் என்றால் குரூப் பிட் மட்டும். இரண்டும் இல்லையென்றால்தான் மற்றவர்களுக்கான பிட். ஒன்றில் மறுத்தால் அடுத்ததில் கிடைக்குமா என்று கெர்னல் தேடாது. 077 என்று வைத்த ஃபைலை ஊரே படிக்கும், ஓனர் மட்டும் படிக்க முடியாது. இதைத் திட்டமிட்டே பயன்படுத்துபவர்களும் உண்டு: 604 என்று வைத்தால் ஒரு குறிப்பிட்ட குரூப்புக்கு மட்டும் கதவடைப்பு.

சரி, ஹோமுக்கு எந்த எண்? வேறு யாருக்கும் உள்ளே வேலை இல்லையென்றால் 700. யோசிக்கவே வேண்டாம். வாசல் 700 ஆக இருந்தால் உள்ளே இருக்கும் ஃபைல் 644 ஆக இருந்தாலும் 666 ஆகவே இருந்தாலும், ரூட் (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகிக் கணக்கு) தவிர இன்னொரு பயனர் பாதை வழியாக அதை எட்ட முடியாது, ஏனென்றால் பாதையில் இருக்கும் ஒவ்வொரு டைரக்டரியிலும் எக்ஸ் வேண்டும். உபுண்டுவில் 21.04 முதல் புதுக் கணக்குகளின் ஹோம் 750 ஆக உருவாகிறது. அதற்கு முன்னால் 755. முன்பே உருவான பழைய கணக்கு 755இலேயே இருக்கக்கூடும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எல்எஸ் மைனஸ் எல்டி என்று ஹோமின் பெயருக்கு அடித்தால் தெரியும். அந்த டி இல்லாவிட்டால் உள்ளே இருப்பவை பட்டியலாக வருமே தவிர டைரக்டரியின் பெர்மிஷன் வராது.

வெப் சர்வர் உங்கள் ஹோமுக்குள் இருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் டைரக்டரியைப் படிக்க வேண்டும் என்றால் ஹோம் 711, அந்த டைரக்டரி 755. 711இல் பட்டியல் எடுக்க முடியாது, கடந்து போகலாம். ஆனால் கவனம்: 711 வைத்த நிமிடமே உள்ளே இருக்கும் 644 ஃபைல் எல்லாம் பெயர் தெரிந்தவருக்குத் திறந்துவிடும். டாட் பாஷ்ஆர்சி, டாட் ப்ரொஃபைல் போன்ற பெயர்கள் உலகத்துக்கே தெரியும். ஆகவே 711 போடுமுன் ஹோமின் முதல் அடுக்கில் இருக்கும் மற்ற எல்லா டைரக்டரிகளையும் 700 ஆக்குங்கள், தனித்தனி ஃபைல்களை 600 ஆக்குங்கள்.

எங்கே அனுமதி மறுக்கப்படுகிறது என்று புரியாதபோது நேம்ஐ மைனஸ் எல் என்ற கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் டைரக்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஓனர், குரூப், பெர்மிஷன் வரிசையாக வரும். சர்வர் 403 (அனுமதி இல்லை) காட்டுகிறது, ஃபைலைப் பார்த்தால் 644 சரியாகத்தான் இருக்கிறது என்ற நிலையில் பதில் பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு டைரக்டரியில் காணாமல் போன எக்ஸ்தான். லினக்ஸில் யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு வரும் இந்தச் சின்னக் கருவியை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது யுமாஸ்க். நிரல்கள் சாதாரணமாக ஃபைலை 666 என்றும் டைரக்டரியை 777 என்றும் கேட்கும். யுமாஸ்க்கில் இருக்கும் பிட்டுகள் அதிலிருந்து நீக்கப்படும். 022 என்றால் 644, 755. 027 என்றால் 640, 750. 077 என்றால் 600, 700. இதைக் கழித்தல் கணக்கு என்று சொல்லிக்கொடுப்பது தவறு: 033 வைத்தால் கழித்தல்படி ஃபைல் 633 ஆக வேண்டும், உண்மையில் 644 வரும். இல்லாத பிட்டை நீக்க முடியாது அல்லவா.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் 077 வையுங்கள் என்பதே என் பரிந்துரை. பகிர வேண்டியதை நீங்களாகத் திறந்துவிடலாம். திறந்து கிடந்ததைப் பிறகு மூடினாலும் அதற்குள் யார் படித்தார்கள் என்று தெரியாது. 002 என்பது ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே தனிக் குரூப் இருக்கும் அமைப்பில்தான் பாதுகாப்பு. எல்லாரையும் ஒரே பொதுக் குரூப்பில் போட்ட பழைய சர்வரில் 002 வைத்தால், உங்கள் ஃபைல் எல்லாம் எல்லாரும் திருத்தக்கூடியவை ஆகிவிடும். ஐடி என்று அடித்து உங்கள் முதன்மைக் குரூப் எது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யுமாஸ்க் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) உரியது, அதைக் கிளப்பிய ப்ராசஸிடமிருந்து வருவது. டாட் பாஷ்ஆர்சியில் எழுதினால் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் நிரல்களுக்கும் மட்டும் பொருந்தும். கிரான் வேலைகளுக்கும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), மெனுவிலிருந்து திறக்கும் பிரவுசர், எடிட்டருக்கும் அது எட்டாது. டெர்மினலில் உருவாக்கியது 600, பிரவுசர் இறக்கியது 644 என்று மாறி மாறி இருப்பதற்கு இதுதான் காரணம். லாகினின்போதே வைக்க, லாகினைக் கவனிக்கும் பாம் அமைப்பில் யுமாஸ்க் மாட்யூல் இருக்கிறது. நிர்வாகி அனுமதி இருந்தால் அங்கே வைப்பது நல்லது. கிரான் ஸ்கிரிப்டில் முதல் வரியாகத் தனியே எழுதிவிடுங்கள்.

இனி தனிக் கவனம் கேட்கும் இடங்கள். முதலில் எஸ்எஸ்எச், அதாவது சாவி ஃபைலைக் காட்டி வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி. டாட் எஸ்எஸ்எச் டைரக்டரி 700, தனிச் சாவி 600, ஆதரைஸ்டு கீஸ் (சர்வர் ஏற்கும் சாவிகளின் பட்டியல்) 600, கான்ஃபிக் 600. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அது தெரிந்தால் பிழை தேடுவது சுலபம். தனிச் சாவி குரூப்புக்கோ மற்றவர்களுக்கோ ஒரு பிட் திறந்திருந்தாலும் உங்கள் பக்கத்து எஸ்எஸ்எச் நிரல் பெரிய எச்சரிக்கைப் பெட்டி போட்டு அந்தச் சாவியை ஒதுக்கிவிடும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை. தெரியாத பிழை சர்வர் பக்கம். அங்கே ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது ஹோம், டாட் எஸ்எஸ்எச், ஆதரைஸ்டு கீஸ் மூன்றையும் பார்க்கும். ஓனர் நீங்களோ ரூட்டோ இல்லாவிட்டாலும், குரூப்போ மற்றவர்களோ எழுத முடிந்தாலும் சாவியை ஏற்காது. லாகின் செய்பவருக்குக் காரணம் எதுவும் சொல்லப்படாது, பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான். சாவியைத் திரும்பத் திரும்ப உருவாக்கி நேரத்தை வீணாக்கும்முன் சர்வரில் ஹோமின் பெர்மிஷனைப் பாருங்கள். 775 ஆக இருந்தால், பெர்மிஷனை மாற்றும் கட்டளையான சிஎச்மாட் மூலம் ஜி மைனஸ் டபிள்யூ (குரூப்பின் டபிள்யூவை நீக்கு) கொடுத்தால் தீர்ந்தது. சர்வரின் லாகில் மட்டும் ஓனரோ பெர்மிஷனோ சரியில்லை என்று டைரக்டரியின் பெயரோடு ஒரு வரி இருக்கும். டெபியன் வகையில் ஆத் டாட் லாக், ரெட்ஹேட் வகையில் செக்யூர் என்ற ஃபைல்.

டாட் ஜிஎன்யூபிஜி 700 இல்லையென்றால் குறியாக்கக் கருவியான ஜிபிஜி எச்சரித்துவிட்டு வேலையைத் தொடரும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பாஸ்வேர்டு ஃபைலான டாட் பிஜிபாஸ் 600ஐவிடத் திறந்திருந்தால் லினக்ஸில் அந்த ஃபைலையே கண்டுகொள்ளாது, பாஸ்வேர்டு கேட்கும். லாகின் விவரங்கள் இருக்கும் டாட் நெட்ஆர்சியைப் படிக்கும் எல்லா நிரலும் இப்படிச் சோதிப்பதில்லை, ஆகவே அதை நீங்களே 600 ஆக்கிவிட வேண்டும். டாட் கான்ஃபிக் கீழே டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான ரகசியக் குறியீடு) வைக்கும் கருவிகள் பலவும் அப்படித்தான். டாட் கான்ஃபிக்கையே மொத்தமாக 700 ஆக்கிவிட்டால் அந்தக் கவலை விட்டது.

இப்போது அந்த ஒரே கட்டளை விவகாரம். சிஎச்மாட் மைனஸ் கேபிடல் ஆர் (உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்று) 777 ஏன் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். 755, 644 இரண்டும் அதே அளவுக்குத் தவறு. 644ஐ உள்ளே முழுக்கக் கொடுத்தால் முதல் டைரக்டரியிலேயே எக்ஸ் போய்விடும். கட்டளை தானே உள்ளே நுழைய முடியாமல் பெர்மிஷன் டினைடு என்று நின்றுவிடும். 755 கொடுத்தால் கட்டளை முழுதாக ஓடி முடியும், அதனால் சேதம் உடனே தெரியாது. தனிச் சாவி 755, புகைப்படம் 755, உரை ஃபைல் 755. நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் கருவியான கிட், இயக்கும் உரிமை மாறியதை மாற்றமாகக் கணக்கில் எடுக்கும், ஆகவே ரெப்போ (அந்தத் திட்டத்தின் டைரக்டரி) முழுக்க எல்லா ஃபைலும் திருத்தப்பட்டதாகக் காட்டும்.

ஏதாவது பெரிய மாற்றம் செய்யுமுன், இப்போது இருக்கும் நிலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஹோமுக்குள் நின்று, பெர்மிஷன்களைப் பட்டியலிடும் கெட்எஃப்ஏசிஎல் மைனஸ் கேபிடல் ஆர், ஒரு இடைவெளி, ஒரு புள்ளி என்று அடித்து வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்தால் போதும். தவறினால் அதே இடத்தில் நின்று செட்எஃப்ஏசிஎல் கட்டளைக்கு ரீஸ்டோர் என்ற தேர்வில் அந்த ஃபைலைக் கொடுத்தால் பெர்மிஷன் பழையபடி திரும்பும். உரை ஃபைல்தான், பெரிய இடம் பிடிக்காது.

மூடுவதற்குப் பாதுகாப்பான வழி குறியீட்டு முறை. ஒரு டைரக்டரி மரத்தை மற்றவர்களிடமிருந்து மறைக்க சிஎச்மாட் மைனஸ் கேபிடல் ஆர், ஜிஓ மைனஸ் ஆர்டபிள்யூஎக்ஸ் (ஜி குரூப், ஓ மற்றவர்கள், யூ ஓனர்). இது உங்கள் பிட்டுகளைத் தொடாது; இயங்க வேண்டிய ஸ்கிரிப்ட் இயங்கும், இயங்கக்கூடாதது அப்படியே இருக்கும். உங்களுக்கே அனுமதி போயிருந்தால் யூ பிளஸ் ஆர், டபிள்யூ, கேபிடல் எக்ஸ். கேபிடல் எக்ஸ் டைரக்டரிகளுக்கும், ஏற்கனவே யாராவது ஒருவருக்கு எக்ஸ் இருக்கும் ஃபைல்களுக்கும் மட்டும் எக்ஸ் தரும். சின்ன எக்ஸ் எல்லாவற்றுக்கும் தந்துவிடும். ஒரு எழுத்தின் அளவில்தான் வித்தியாசம், கவனமாக அடியுங்கள்.

ஏற்கனவே 777 ஆகிப் போன மரத்தில் கேபிடல் எக்ஸ் உதவாது, ஏனென்றால் எல்லா ஃபைலிலும் எக்ஸ் வந்துவிட்டது. அங்கே தேடும் கட்டளையான ஃபைண்ட்தான் வழி: டைப் டி (டைரக்டரி) உள்ளவற்றுக்கு 700, டைப் எஃப் (ஃபைல்) உள்ளவற்றுக்கு 600 என்று இரண்டு ஓட்டம். மாறாக 644 கொடுத்து டைரக்டரிகளில் எக்ஸ் போயிருந்தால், முதலில் மேலே சொன்ன கேபிடல் எக்ஸ் கட்டளையை ஓட்டி உள்ளே போக வழி செய்துவிட்டுப் பிறகு ஃபைண்டை ஓட்டுங்கள். கடைசியாக, இயங்க வேண்டிய ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் யூ பிளஸ் எக்ஸ். ஹோமின் ‘பின்’ (bin) டைரக்டரி, டாட் லோக்கல் கீழே இருக்கும் ‘பின்’, பைதான் மெய்நிகர் சூழல்களின் ‘பின்’, கிட் ஹூக்குகள் ஆகியவை வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை மாற்ற, புள்ளி நட்சத்திரம் என்ற பேட்டர்னை மைனஸ் கேபிடல் ஆர் கூடச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பழைய பாஷில் அது இரட்டைப் புள்ளியையும் பிடிக்கும், அதாவது மேல் டைரக்டரி. ரூட்டாக அடித்தால் பக்கத்து ஹோம் எல்லாம் சேர்ந்து மாறும். பாஷ் 5.2 இதை இயல்பாகவே தவிர்க்கிறது, ஆனால் எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

ரூட் அனுமதியோடு நிரலை ஓட்டும் கட்டளையான சூடோவால் வரும் கோளாறு வேறு ரகம். ஹோமுக்குள் நின்று சூடோவோடு ஒரு நிரலை ஓட்டினால் கேஷ், வரலாறு, அமைப்பு ஃபைல்கள் ரூட் பெயரில் உருவாகிவிடலாம். வரைகலைத் திரைக்கான அனுமதி ஃபைலான டாட் எக்ஸ்ஆதாரிட்டி ரூட்டுக்குப் போய்விட்டால் வரைகலைத் திரையில் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திரும்ப லாகின் திரைக்கே வந்து நிற்கும். முதலில் பட்டியல் எடுங்கள்: ஃபைண்ட், ஹோம், ஆச்சரியக்குறி, மைனஸ் யூசர், உங்கள் பெயர், மைனஸ் எல்எஸ். வந்தது ஒன்றிரண்டு ஃபைல் என்றால் சூடோ கூட வேண்டாம். டைரக்டரி உங்களுடையது, ஆகவே நீங்களே அழிக்கலாம். நிறைய இருந்தால் சூடோவோடு, ஓனரை மாற்றும் கட்டளையான சிஎச்ஓன், மைனஸ் எச் சேர்த்து. எச் இருந்தால் சிம்பாலிக் லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) சுட்டும் வெளி ஃபைலின் ஓனர் மாறாது. பட்டியலைப் படிக்காமல் ஹோம் முழுக்க சிஎச்ஓன் ஓட்ட வேண்டாம். ரூட் இல்லாமல் கன்டெய்னர் (தனித்து ஓடும் நிரல் சூழல்) ஓட்டுபவர்களின் டாட் லோக்கல், ஷேர், கன்டெய்னர்ஸ் கீழே 100000க்கு மேற்பட்ட எண்கள் ஓனராக இருக்கும். அவை அப்படித்தான் இருக்க வேண்டும். மாற்றினால் கன்டெய்னர் உடைந்துவிடும்.

பகிர்வதற்கு வருவோம். குழுவாகத் திருத்தும் ஃபைல்களை ஹோமுக்கு வெளியே வைப்பதே நல்லது. டைரக்டரிக்குப் பொதுக் குரூப்பைக் கொடுத்து 2770 வையுங்கள். முன்னால் இருக்கும் அந்த 2தான் செட்ஜிஐடி. உள்ளே உருவாகும் எல்லாம் அந்தக் குரூப்பிலேயே வரும், துணை டைரக்டரிகளும் அதையே தொடரும். ஆனாலும் யுமாஸ்க் 022 இருப்பவர் உருவாக்கிய ஃபைலை மற்றவர்கள் படிக்கலாமே தவிர திருத்த முடியாது. இதைத் தீர்க்க டீஃபால்ட் ஏசிஎல் (குறிப்பிட்ட பயனர், குரூப்புக்கான கூடுதல் அனுமதிப் பட்டியல்) வையுங்கள். அது இருக்கும் டைரக்டரியில் யுமாஸ்க் கணக்கில் வராது. அதே டிஸ்க்கில் வேறு இடத்திலிருந்து எம்வி (நகர்த்தும் கட்டளை) மூலம் கொண்டுவந்த ஃபைல் பழைய குரூப்போடுதான் வந்து சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். குரூப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது செல்லும்.

ஒரே ஒருவருக்கு, ஹோமுக்குள் ஒரு டைரக்டரியை மட்டும் காட்ட வேண்டுமென்றால் செட்எஃப்ஏசிஎல் மைனஸ் எம் மூலம் அந்த டைரக்டரிக்கு ஆர், எக்ஸ். ஹோமுக்கு வெறும் எக்ஸ் மட்டும். ஹோமுக்கு டபிள்யூ சேர்த்துவிட்டால் இன்னொரு சிக்கல் கிளம்பும். ஏசிஎல் இருக்கும்போது எல்எஸ் காட்டும் நடு மூன்று பிட் குரூப்புடையது இல்லை, மாஸ்க் (ஏசிஎல் தரும் அனுமதிகளுக்கு உச்சவரம்பு). அதில் டபிள்யூ ஏறியதும் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் அதைக் குரூப் எழுதலாம் என்றே எடுத்துக்கொண்டு உங்கள் எஸ்எஸ்எச் சாவியை மறுத்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஏசிஎல் வைத்த ஃபைலுக்கு யாராவது சிஎச்மாட் 600 கொடுத்தால் மாஸ்க் காலியாகி, கொடுத்த அனுமதி பட்டியலில் இருந்தும் செல்லாமல் போகும். பெர்மிஷன் வரியின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் எல்எஸ்ஸை நம்பாமல் கெட்எஃப்ஏசிஎல் அடித்துப் பாருங்கள்.

நகல் எடுக்கும்போது: சும்மா சிபி என்றால் மூல ஃபைலின் பெர்மிஷனிலிருந்து யுமாஸ்க் பிட்டுகள் நீங்கி வரும், மைனஸ் பி கொடுத்தால் அப்படியே வரும். சாதாரணப் பயனராக டார் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) பிரித்தால் யுமாஸ்க் பொருந்தும், ரூட்டாகப் பிரித்தால் உள்ளே இருந்த பெர்மிஷன் அப்படியே இறங்கும். ஃபேட் வகை பென்டிரைவில் இந்த பிட்டுகளுக்கு இடமே கிடையாது. அங்கே போய்த் திரும்பிய ஃபைல் எல்லாம் இயக்கும் உரிமையோடு வந்து நிற்பது வழக்கம். ஸ்கிரிப்டும் சாவியும் அதில் போக வேண்டுமென்றால் டார் ஆக்கி அனுப்புங்கள்.

அவ்வப்போது ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு தேடல் போதும்: ஃபைண்ட், ஹோம், லிங்க் அல்லாதவை, மைனஸ் பெர்ம், சாய்கோடு 022. குரூப்போ மற்றவர்களோ எழுதக்கூடிய எல்லாம் வரும். சாய்கோடு என்றால் இந்த பிட்டுகளில் ஏதாவது ஒன்று இருந்தாலும் என்று பொருள். அதற்குப் பதில் மைனஸ் போட்டால் எல்லா பிட்டும் சேர்ந்திருப்பவை மட்டும் வரும். மேக்கில் சாய்கோட்டுக்குப் பதில் பிளஸ். லிங்குகளை ஒதுக்காவிட்டால், லினக்ஸில் அவை எப்போதும் 777 என்றே காட்டுவதால் பட்டியல் வீணாக நிரம்பிவிடும். டாட் எஸ்எஸ்எச், டாட் கான்ஃபிக் இரண்டிலும் மட்டும் 077 வைத்து இன்னொரு ஓட்டம்.

அதில் தனிச் சாவியோ டோக்கனோ திறந்து கிடந்தது தெரிந்தால், வாசலும் அப்போது திறந்திருந்ததா என்று பாருங்கள். திறந்திருந்தது என்றால் 600 ஆக்குவதோடு நிறுத்த வேண்டாம். சிஎச்மாட் இனி வரப்போகும் திறப்புகளைத்தான் தடுக்கும். முன்பே ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் தொடர்ந்து படிக்கும், எடுத்துப்போன நகலும் எடுத்துப்போனவரிடமே இருக்கும். புதுச் சாவி உருவாக்கி, பழையதை எல்லாச் சர்வர்களின் ஆதரைஸ்டு கீஸிலிருந்தும் நீக்குங்கள். டோக்கனை வழங்கிய இடத்திலேயே ரத்து செய்யுங்கள்.